அந்திப் பொழுதின் பள்ளி

கல்வியிற் கரையிலாக் காஞ்சி என்று முன்னோர் போற்றிய நகரத்தைப் பற்றி எழுதப் புகுவோர், பல்லவர் காலத்துக் கடிகையிலிருந்து தொடங்குவது வழக்கம். கடம்ப மரபை நிறுவிய மயூரசர்மன் தன் பாட்டனாருடன் இக்கடிகைக்கு மறை பயில வந்தான் என்று தாளகுண்டாக் கல்வெட்டுக் கூறும். ஏழாம் நூற்றாண்டில் சீனத்து யாத்திரிகர் யுவான் சுவாங் இந்நகரை வந்து கண்டார். இவையெல்லாம் ஆடவர் கற்ற வரலாறு. பெண்ணொருத்தி காஞ்சிக்கு வந்து அறம் கேட்டாள் என்பதற்கு மணிமேகலைக் காப்பியம் ஒன்றே நம் கைக்கு எட்டுகிறது. அவளுக்குப் பின் பன்னூறு ஆண்டுகளாக இந்நகரத்துப் பெண்மக்கள் எங்கே, எப்பொழுது, யாரிடம் கற்றனர் என்று வினவினால், ஏடுகள் வாய் திறப்பதில்லை. கற்கவே இல்லையென்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. கற்ற இடம் கடிகையாக இராமல் திண்ணையாக இருந்தது; கற்ற வேளை காலைப்பொழுதாக இராமல் அந்திப்பொழுதாக இருந்தது. திண்ணைக்கும் அந்திக்கும் யார் கல்வெட்டுப் பொறிக்கப் போகிறார்கள்?

இந்த எண்ணம் எமக்கு உதித்தது ஏனாத்தூரில். காஞ்சி நகருக்கு வெளியே சில கல் தொலைவிலுள்ள அவ்வூரை, 1993ஆம் ஆண்டு தோன்றிய சங்கர மடத்துப் பல்கலைக்கழகத்தின் பெயரால்தான் வெளியூரார் அறிவர். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பழைய மாணவர் ஒருவரின் இல்லத்துக்கு நலம் விசாரிக்கச் சென்ற நாம், அஸர் தொழுது முடித்துத் தெருவில் இறங்கியபோது, ஒரு வீட்டுத் திண்ணையில் கரும்பலகை சாய்த்து வைக்கப்பட்டிருக்கக் கண்டோம். பலகைக்கு முன் ஏறத்தாழ இருபது சிறார். அவர்களுள் பெண்குழந்தைகளே பெரும்பாலார். நடுவில் இருபத்திரண்டு அல்லது இருபத்துமூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண், புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பிக் கழித்தற்கணக்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார். எதிர்வீட்டினுள்ளிருந்து தறியின் ஓசை சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. நாம் நின்று பார்ப்பதைக் கண்ட அவர், "ஐயா, உட்காருங்கள், ஏழு மணிக்குத்தான் முடியும்" என்றார். உட்கார்ந்தோம்.

பாடம் முடிந்தபின் அவரிடம் பேசியதில் ஒரு சொல் எம் நெஞ்சில் தைத்தது. "ஐந்து மணிக்குப் பிள்ளைகளை வரவழைப்பதுதான் ஐயா எனக்குப் பெரும் பாடு. கணக்குச் சொல்லிக்கொடுப்பது பாடே இல்லை. ஐந்து மணியென்றால் இங்கே எல்லாருக்கும் அந்தப் பிள்ளை வேண்டும்" என்றார் அவர்.

எல்லாருக்கும் வேண்டும் என்றாரே, அந்த 'எல்லாரும்' யார் யார் என்று நோக்கினால் ஒரு நீண்ட வரலாறு விரிகிறது.

முதலாவது தறி. காஞ்சிப் பட்டின் சிறப்பு அதன் கோர்வையில் உள்ளது. புடவையின் உடல் ஒரு வண்ணம், கரை வேறு வண்ணம். ஊடை இழை கரையில் ஒரு நிறமாகவும் உடலில் மற்றொரு நிறமாகவும் ஓடி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் கோர்வை நெய்த புடவையில், துணி நைந்து கிழிந்தாலும் கரை பிரியாது என்று தறிக்காரர் பெருமை பேசுவர். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்; மூன்றையும் எறிய ஒருவரின் இரண்டு கை போதாது. குழித்தறியில் அமர்ந்து நெய்பவருக்குப் பக்கத்தில் கரைக்கென்று இன்னொருவர் அமர்ந்தாக வேண்டும். அந்த இன்னொருவர் வலுவுடையவராக இருக்க வேண்டியதில்லை. விரல் மெல்லியதாகவும், கண் கூர்மையாகவும், கூலி குறைவாகவும் இருந்தால் போதும். ஆகவே அந்த இடம் சிறாருக்கென்றே ஆயிற்று. சொந்தத் தறியானால் நெய்பவரின் மகனோ மகளோ. பிறர் தறியானால் முன்பணத்துக்கு ஈடாக விடப்பட்ட ஓர் ஏழையின் பிள்ளை. உலகம் வியக்கும் ஒரு கைத்திறனின் உள்ளமைப்பிலேயே ஒரு குழந்தைக்கான இருக்கை செதுக்கப்பட்டிருந்தது என்பதை எண்ணுந்தோறும் நமக்கு நெஞ்சு கனக்கிறது. அந்தப் பட்டை நாமும் நம் இல்லத் திருமணங்களில் வாங்கியிருக்கிறோம்.

பெண்குழந்தைக்குத் தறிப்பக்கம் அமர்வதோடு வேலை முடிவதில்லை. தார் சுற்றுவதும், அறுந்த இழையைப் பிணைப்பதும், தம்பி தங்கையரைப் பார்ப்பதும், அந்தியில் அடுப்பு மூட்டுவதும் அவள் பங்கு. 2003ஆம் ஆண்டு சனவரியில், நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட மனித உரிமைக் கண்காணிப்பகம், இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறாரைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கருநாடகத்தையும் வாரணாசியையும் காஞ்சிபுரத்தையும் நேரில் ஆய்ந்து எழுதப்பெற்றது அது. பெற்றோர் வாங்கிய கடனுக்காகப் பிள்ளை தறியில் உட்கார்வதும், கடன் தீராமையால் எழ முடியாமற் போவதும் அதில் விரித்துரைக்கப்பட்டுள்ளன. அதற்கு முன்னரும் பின்னரும் காஞ்சியைச் சுற்றிய ஊர்களில் அரசின் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தாரும், 'ரைடு' போன்ற தொண்டு நிறுவனத்தாரும் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை மீட்டு, இணைப்புப் பள்ளிகளில் ஓராண்டோ ஈராண்டோ பயிற்றி, அவரவர் வயதுக்குரிய வகுப்பிற் சேர்த்தனர். பகற்பொழுதைத் தறியிடமிருந்து பள்ளி மீட்டது பெரும்பாலும் இத்தகையோர் முயற்சியால்தான்.

ஆனால் மாலைப்பொழுதை மீட்டவர் யார்? இங்கே சட்டத்தையே சற்று உற்று நோக்க வேண்டும். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தார் தம் இல்லத்தில் தம் மக்களைக் கொண்டு நடத்தும் தொழிற்கூடத்துக்கு விலக்களித்தது. நெசவு இல்லத்தில்தான் நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று கடுமை காட்டியது. அதே மூச்சில், அபாயமானவை என்று பட்டியலிட்ட தொழில்கள் நீங்கலாக, பள்ளிநேரம் முடிந்தபின்னும் விடுமுறையிலும் குழந்தை தன் குடும்பத்துக்கு உதவலாம் என்றும் இசைந்தது. எத்தொழில் பட்டியலின் உள்ளே, எத்தொழில் வெளியே என்பதைச் சட்டம் கற்றோர் ஆய்வாராக. எம் கண்ணுக்குப் படுவது வேறு. பள்ளி மணி அடித்தபின் வரும் அந்த நேரத்தை நாட்டின் சட்டமே இன்னார்க்கென்று உறுதிசெய்யாமல் விட்டிருக்கிறது. கேட்பவர்க்கெல்லாம் அது திறந்த வாசல்.

அந்த வாசலில் நிற்கும் இரண்டாமவர் நாம்தாம். ஆம், மக்தபை நடத்துகிற நாம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட வேளையே தமிழகத்து முஸ்லிம் பிள்ளைகள் குர்ஆன் ஓதக் காலங்காலமாக வகுக்கப்பட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை, பையை வைத்துவிட்டு, முக்காட்டையோ தொப்பியையோ எடுத்துக்கொண்டு ஓடிவருவது நம் தெருக்களின் மாறாத காட்சி. அந்த நேரம் நமக்கே உரியது என்ற எண்ணத்தில் நாம் வளர்ந்தோம். அவ்வெண்ணத்திலேயே கற்பித்தும் வந்தோம். அது பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

பெண்ணின் கல்விக்கென்று ஒரு பொழுதைக் கேட்டுப் பெறுவது இஸ்லாமிய வரலாற்றில் புதிதன்று. மதீனாவின் பெண்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்று, ஆடவரே தங்களைச் சூழ்ந்துகொள்கின்றனர், எங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள் என வேண்டியதும், அவர்களுக்கென ஒரு நாள் குறிக்கப்பட்டு, அந்நாளில் அவர்களுக்குப் போதனை நிகழ்ந்ததும் ஸஹீஹுல் புகாரியின் கல்வி பற்றிய பகுதியில் பதிவாகியுள்ளன. இதை ஆண்டுதோறும் மாணவர்க்கு ஓதிக்கொடுத்து வந்த எமக்கு, அந்த வேண்டுகோளின் கூர்மை ஏனாத்தூர்த் திண்ணையில் அமர்ந்தபோதுதான் முழுதும் விளங்கியது. அப்பெண்கள் கேட்டது நூலையும் அன்று, ஆசிரியரையும் அன்று. பிறர் தொடாத ஒரு பொழுதைக் கேட்டார்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி என்பதும் நம் ஆலிம்கள் அறிந்ததே. பெண்ணுக்குப் பெண் கற்பிக்கும் மரபு அத்துணைப் பழையது.

தமிழகத்தில் அம்மரபு எவ்வுருவில் வாழ்ந்தது என்பதற்கு எம் சொந்த ஊரே சான்று. தென்கோடிக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் நாம். எமக்கு அலிஃப், பே கற்பித்தவர் எங்கள் தெருவின் ஒரு மூதாட்டி. பெண்பிள்ளைகளும், ஏழு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளும் அவர் வீட்டு முற்றத்தில் பாயில் அமர்ந்து ஓதுவோம். வியாழன்தோறும் ஆளுக்கு ஐம்பது காசு. இல்லாத வீட்டுப் பிள்ளை ஒரு பிடி அரிசியோ நான்கு விறகோ கொண்டுவரும். அதுவும் இல்லாத பிள்ளை வெறுங்கையுடன் வரும், அவர் முகம் மாறியதை நாம் கண்டதில்லை. அரபுத்தமிழ் ஏடுகளை அவர் மடமடவென்று வாசிப்பார். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அரபெழுத்தில் தமிழை எழுதி நூல்களாக்கித் தந்தமையால், பள்ளிக்கூட வாசலை மிதியாத எத்தனையோ பெண்கள் மார்க்கச் சட்டத்தைத் தம் தாய்மொழியிலேயே கற்றனர். அதே கீழக்கரையில் ஸெய்யிது ஆசியா உம்மா (1868–1948) என்னும் ஞானப்பெண்மணி மெய்ஞ்ஞானப் பாடல்களை யாத்தார். இவ்வளவு பெருமையும் உண்மை. எனினும் எம் ஆசானான அம்மூதாட்டி, பேருந்தின் பலகையில் எழுதியிருந்த ஊர்ப்பெயரை எம்மிடம் கேட்டுத்தான் ஏறுவார். தமிழை அரபெழுத்தில் தடையின்றி வாசித்த அவருக்குத் தமிழெழுத்து ஒன்றேனும் தெரியாது. நம் முன்னோர் பெண்களுக்கு ஒரு சாளரத்தைத் திறந்தனர். தெருவை நோக்கிய சாளரத்தைத் திறக்கவில்லை. இதைச் சொல்வதால் சிலர் எம்மைக் கடிந்துகொள்வர், கடியட்டும்.

நாகூர்ச் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) அவர்களின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். பள்ளியில் மூன்றாம் வகுப்பே படித்த அவர், 1938இல் 'காதலா? கடமையா?' என்னும் புதினத்தை எழுதி வெளியிட்டார், மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை நல்கினார். மூன்றாம் வகுப்புக்கும் முப்பத்தெட்டாம் ஆண்டுக்கும் இடையே அவர் கற்றதெல்லாம் இல்லத்தில், எஞ்சிய நேரத்தில், தாமே கற்றது. ஒரு சித்தி ஜுனைதா தப்பிப் பிழைத்தார் என்று நாம் பெருமை கொள்கிறோம். அதே தெருவில் மூன்றாம் வகுப்போடு நின்ற மற்றப் பெண்மக்களின் பெயர் நமக்குத் தெரியாது.

வங்கத்தில் பேகம் ரொக்கையா (1880–1932) அவர்களும் அவ்வாறே. தந்தையார் உறங்கிய பின்னர், இரவில் விளக்கொளியில் தமையனார் இரகசியமாகக் கற்பிக்க, அவர் வங்கமும் ஆங்கிலமும் கற்றார். 1911ஆம் ஆண்டு மார்ச் மாதம் கல்கத்தாவில் எட்டே மாணவியருடன் தம் பள்ளியை நடத்தத் தொடங்கினார். பிள்ளைகளை அழைத்துவர வண்டி ஏற்பாடு செய்தபோது நேர்ந்ததை அவரே எழுதியிருக்கிறார். காற்றுப் புகாதபடி வண்டியை மூடியதால் பிள்ளைகள் மயங்கினர். திரை கட்டித் திறந்தாலோ, திரை காற்றில் அசைகிறது என்று முகவரியற்ற கடிதங்கள் வந்தன. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத கதை. ஆனால் ரொக்கையாவின் செயல்களுள் நாம் மிகுதியும் வியப்பது பள்ளியை அன்று. 1916இல் அவர் தொடங்கிய முஸ்லிம் பெண்கள் சங்கத்தார், கல்கத்தாவின் சேரிக் குடில்களுக்குத் தாமே நடந்து சென்று, பள்ளிக்கு வரவியலாத பெண்களுக்கு எழுத்தும் தையலும் குழந்தை வளர்ப்பும் கற்பித்தனர். பள்ளிக்குப் பெண் வரவில்லையெனில் பெண்ணிடம் பள்ளி போகட்டும் என்பது அவர்கள் கண்ட வழி. நூறாண்டு கழித்துத் தமிழகத்தில் அவ்வழி மீண்டும் கண்டுகொள்ளப்பட்டது.

இடையில் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் முயற்சியால் சென்னையில் தென்னிந்தியக் கல்வி அறக்கட்டளையின் மகளிர் கல்லூரி எழுந்தது. 1988இல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி எழுந்தது. இவை போற்றத்தக்கவை. ஆனால் கல்லூரி வாசல்வரை வந்துவிட்ட பெண்ணுக்கே கல்லூரி பயன்படும். நான்காம் வகுப்பில் பின்தங்கி, ஆறாம் வகுப்பில் நின்றுவிடும் பெண்ணைக் கல்லூரி அறியாது.

அப்பெண்ணுக்காக ஊரார் கைகொடுத்த முயற்சிகள் இரண்டை மட்டும் இங்கே நினைவுகூர்வோம். காஞ்சி வட்டத்து நெய்யாடுபாக்கத்திற் பிறந்து பொதுக்கல்வி இயக்குநராக உயர்ந்த நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள், காமராசர் ஆட்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். முதல் மாநாடு 1958இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில். அரசு பணம் தரட்டும் என்று காத்திராமல், ஊரார் தாமே பள்ளிக்குப் பெஞ்சும் பலகையும் கடிகாரமும் பிள்ளைகளுக்குச் சீருடையும் வரிசையெடுத்துக் கொண்டுவந்து கொடுத்த காட்சியை அக்காலத்தவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கலியாணச் சீர்வரிசை போலிருந்ததாம். மற்றொன்று, தொண்ணூறுகளின் தொடக்கத்து அறிவொளி இயக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் மிதிவண்டியும் ஓட்டக் கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். அன்று அதைக் குறைகூறிய நம்மவர் சிலர், இன்று தம் பேத்தியர்க்கு ஸ்கூட்டர் வாங்கித் தருகின்றனர்.

இனி ஏனாத்தூர்த் திண்ணைக்குத் திரும்புவோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனா நோயால் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிள்ளைகள் வீட்டில். நெசவு வீட்டில் பிள்ளை சும்மா இருப்பதென்பது இல்லை. தறி கூப்பிட்டது, பிள்ளை உட்கார்ந்தது. கைப்பேசியில் பாடம் நடக்கிறது என்றனர். வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் அண்ணனுக்கு. தங்கைக்கு முறை வரும்போது பாடம் முடிந்திருக்கும். பகலில் மீட்ட பிள்ளையைத் தறி மீண்டும் இழுத்துக்கொள்ளுமோ என்ற அச்சம் கல்வியாளரிடம் இருந்தது.

இந்நிலையில்தான் 2021 அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். முதற்கட்டமாக எடுத்துக்கொண்ட பன்னிரு மாவட்டங்களுள் காஞ்சிபுரமும் ஒன்று. மாலை ஐந்து மணி முதல் ஏழு மணிக்குள், பிள்ளைகளின் குடியிருப்பிலேயே, இருபது பேருக்கு ஒரு தன்னார்வலர். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியோர். நடுநிலை வகுப்புகளுக்குப் பட்டம் பெற்றோர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர் முன்வந்தனர், பெரும்பாலாரும் பெண்கள். பிள்ளைகளின் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியது. பாடுவதும், கதை சொல்வதும், விளையாடுவதும், பொம்மலாட்டமும் பாடத்தோடு பிணைந்திருந்தமையால், தேர்வுக்குப் பயந்த பிள்ளையும் வந்தது. அரசாணையில் இது இரு பாலார்க்கும் பொதுவான திட்டமே. ஆனால் பெண்பிள்ளையைப் பிற தெருவுக்கு அந்தியில் அனுப்பத் தயங்கும் தாய், தன் தெருவிலேயே, தனக்குத் தெரிந்த ஒருவர் மகள் நடத்தும் வகுப்புக்கு அனுப்பத் தயங்கவில்லை. பெண்பிள்ளைகளே திண்ணைகளை நிறைத்ததன் காரணம் இதுதான் என்பது எம் கணிப்பு.

ஆயிரம் ரூபாயைப் பற்றி ஒரு சொல். நாளொன்றுக்கு முப்பத்துமூன்று ரூபாய். சொந்தப் பணத்தில் மிட்டாயும் வண்ணக்குச்சியும் வாங்கிக்கொடுத்த பெண்களை நாம் அறிவோம். எம் மூதாட்டியின் வியாழக்கிழமைக் காசுக்கும் இதற்கும் மிகுந்த தூரமில்லை. பெண் கற்பித்தால் அது அன்பு, ஆண் கற்பித்தால் அது ஊதியம் என்ற பழங்கணக்கு இன்னும் அழியவில்லை போலும்.

இதனால் விளைந்தது என்ன? பொருளியல் அறிஞர்களாகிய அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகத்துக் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 சிறாரைச் சோதித்து ஓர் ஆய்வு செய்தனர். பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட பின்னடைவு மொழிப்பாடத்தினும் கணக்கில் இருமடங்காக இருந்தது. பள்ளி திறந்த ஆறு திங்களுக்குள் இழந்ததில் மூன்றில் இரு பங்கை அவர்கள் மீட்டனர். அம்மீட்சியில் கால் பங்கை ஒட்டிய அளவு, அதாவது நூற்றுக்கு 24, இந்த மாலை வகுப்புகளால் நிகழ்ந்தது என்று அவர்கள் மதிப்பிட்டனர். எஞ்சியது பள்ளியின் பணி. திண்ணையைப் புகழும் ஆர்வத்தில் பள்ளி ஆசிரியரை நாம் மறந்துவிடலாகாது. அதே போல் கால் பங்கைச் சிறிதென்று ஒதுக்கவும் ஆகாது. பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளே இவ்வகுப்புகளுக்கு மிகுதியாக வந்தனர் என்பதும் அவ்வாய்வில் உண்டு.

இப்போது எம் குற்றத்தைச் சொல்ல வேண்டும். இத்திட்டம் எம் பகுதிக்கு வந்தபோது, அதை மனமார வரவேற்றவர்களுள் நாம் இல்லை. எம் மக்தபில் ஓதிய முப்பது பெண்பிள்ளைகளுள் பதினொருவர், ஐந்து மணி வகுப்புக்குப் போகத் தொடங்கினர். பிள்ளைகளின் தாய்மாரை அழைத்து, "மறுமைக்குரிய கல்வியை விட்டுவிட்டுக் கூட்டல் கழித்தலுக்கு அனுப்புகிறீர்களே" என்று கடிந்தோம். அவர்களுள் ஒருவர், கணவரை நோயில் இழந்து பிறர் தறிக்குத் தார் சுற்றிப் பிழைப்பவர், திரைக்கப்பாலிருந்து சொன்னார்: "ஹஜ்ரத், அவள் அஞ்சாம் வகுப்பு. நீங்கள் கொடுத்த ஓதலை அழகாக ஓதுகிறாள். ஆனால் நான் வாங்கின கடன் சீட்டை அவளால் படிக்க முடியவில்லை. என்னாலும் முடியாது. அதில் என்ன எழுதியிருக்கிறதென்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது."

எமக்கு அந்த மூதாட்டியும் பேருந்துப் பலகையும் நினைவுக்கு வந்தன. ஒன்றும் விடை சொல்லாமல் எழுந்து வந்தோம்.

மதீனாவின் பெண்கள் கேட்ட நாளைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடம் நடத்தியவர் நாம். அந்த நாளைப் பெண்களிடமிருந்து பிடுங்க வருவோர் எப்போதும் பகைவராகத்தான் இருப்பர் என்று எண்ணியிருந்தோம். தறிக்காரர் ஒரு பக்கமும் நாம் மறு பக்கமும் அதே பொழுதைப் பற்றி இழுத்துக்கொண்டு நின்றோம் என்பது அன்று விளங்கியது. தறிக்காரருக்காவது வயிற்றுப்பாடு உண்டு.

ஏனாத்தூரிற் கண்ட அப்பெண்ணிடமே மீண்டும் சென்று, எங்கள் தெருவின் தன்னார்வலரோடு பேசி ஓர் ஏற்பாடு செய்ய வழி கேட்டோம். அவர் சொன்ன யோசனை எளியது. ஓதல் நேரத்தை ஃபஜ்ருக்குப் பின் மாற்றுங்கள். முடியாத பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு முடிந்ததும் அதே பாயில் அரைமணி நேரம் நீங்கள் உட்காருங்கள் என்றார். மத்ரஸா நிர்வாகத்தாருள் சிலர் முணுமுணுத்தனர். பெரியவர் ஒருவர் மட்டும், பள்ளிவாசலின் பக்கத்து அறையையே மாலை வகுப்புக்குத் தந்துவிடலாம், மின்விளக்கு இருக்கிறதே என்றார். மூன்று வாரப் பேச்சுக்குப் பின் அறை கிடைத்தது. ஜமாஅத்துப் பெண்கள் இருவர், ஒருவர் பி.எஸ்.ஸி. கணிதம் படித்து வீட்டோடு இருந்தவர், தன்னார்வலருக்குத் துணையாக வந்தனர். தையல் தெரிந்த ஒரு பெண்மணி வெள்ளிக்கிழமைகளில் பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுத்தார். மாற்றுச் சமயத்துப் பிள்ளைகள் நால்வரும் அதே அறைக்கு வந்தனர். அவர்களின் தாய்மார் ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்று, எங்கள் ஓதல் முடியும்வரை பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பர்.

ரமளான் மாதத்தில் நேரம் குழம்பியது. நோன்பு திறக்கும் வேளையும் வகுப்பு முடியும் வேளையும் மோதின. ஒரு வாரம் வகுப்பே நடக்கவில்லை. பின்னர்ப் பிள்ளைகளே ஐந்துக்கு முன்பாக வந்து உட்கார்ந்துகொண்டனர்.

அந்தத் தார் சுற்றும் பெண்மணியின் மகள், அவ்வாண்டுக் கோடைவிடுமுறைக்கு முன் ஒரு மாலை, மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து தன்னார்வலரிடம் நீட்டினாள். கடன் சீட்டு. எழுத்துக்கூட்டி அவளே வாசித்தாள்; எண்களையும் வாசித்தாள். வாங்கியது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று பலகையில் எழுதிக் கழித்துப் பார்த்தாள். வந்த விடை, தறிக்காரர் வாய்மொழியாகச் சொல்லிவந்த பாக்கியைக் காட்டிலும் 2,400 ரூபாய் குறைவாக இருந்தது. தன்னார்வலர் மீண்டும் ஒருமுறை கழித்துப் பார்க்கச் சொன்னார். அவள் அழித்துவிட்டு, முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள்.